ஹெரால்டுக்கு கிரீஸா, ஆயிலா? – வாசகர் கேள்வி பதில்

ஸ்டாண்டர்டு ஹெரால்டு வைத்திருப்பவர்களும் வாங்க நினைப்பவர்களும் அனுப்பிய கேள்விகளுக்கு இந்த இதழில் பதில் தருகிறோம். தெரியாதவர்களுக்கு ஓர் அறிமுகம்: இத்தாலிய வடிவமைப்பாளர் ஜியோவான்னி மிக்கேலோட்டி வரைந்த கார் இது. 1959-ல் இங்கிலாந்தில் ட்ரயம்ப் பெயரில் வெளிவந்தது. 1961 முதல் சென்னையை அடுத்த வண்டலூர் பக்கம் ஸ்டாண்டர்டு மோட்டார் தொழிற்சாலையில் உருவாகி, நம் சாலைகளில் ஓடியது. 948 சி.சி. எஞ்சின், சுமார் 35 குதிரைசக்தி. அம்பாசடரிலும் ஃபியட்டிலும் இல்லாத சங்கதிகள் இதில் பல. தனிச் சேசிஸ் உண்டு. முன் மட்கார்டுகளையும் சேர்த்துத் தூக்கிக்கொண்டு மொத்தமாக முன்னால் சாயும் பானெட் உண்டு. பின்சக்கரங்கள் தனித்தனியாக ஆடும். ஆட்டோ திரும்புகிற மாதிரி 25 அடி வட்டத்தில் திரும்பிவிடும். பழுதுகளும் இந்த வண்டிக்கே உரியவை. மற்ற காருக்குச் செய்கிற பராமரிப்பை அப்படியே இதற்கும் செய்தால் எங்கே கேடு வரும் என்பதைத்தான் முதல் கேள்வி காட்டுகிறது.

ஹெரால்டின் முன்சக்கரம் ஓடிக்கொண்டிருக்கும்போதே மடங்கி விழும் என்று பலர் பயமுறுத்துகிறார்கள். என் வண்டிக்கு 3 மாதத்துக்கு ஒருமுறை தவறாமல் கிரீஸ் அடிக்கிறேன். அது போதாதா?
– வாசகர், திருச்சி

நீங்கள் தவறாமல் அடிக்கிற அந்த கிரீஸ்தான் சிக்கல். பயமுறுத்துகிறவர்கள் சொல்வதும் பொய்யில்லை.

முன்சக்கரத்தைத் தாங்கும் செங்குத்தான எஃகுத் துண்டுக்கு வெர்டிகல் லிங்க் என்று பெயர். அதன் மேல் முனையில் பால் ஜாயின்ட். கீழ் முனையில் மரை வெட்டியிருக்கும். அந்த மரை ட்ரனியன் என்கிற வெண்கலக் கட்டைக்குள் திருகி உட்கார்ந்திருக்கும். நீங்கள் ஸ்டியரிங்கை ஒடிக்கும் ஒவ்வொரு முறையும் எஃகு மரை வெண்கல மரைக்குள் சுழல்கிறது. வண்டியின் முன்பாரம், சாலைப் பள்ளத்தின் அடி, பிரேக்கின் இழுப்பு எல்லாம் அந்த மரை வழியாகத்தான் போகிறது.

அந்த இடத்துக்குத் தயாரிப்பாளர் சொன்னது 90-ஆம் எண் கியர் ஆயில். கிரீஸ் சொல்லவில்லை. கிரீஸ் மரையின் நெளிவுக்குள் ஏறிப் போகாது. வாயிலேயே நின்று, சில மாதங்களில் காய்ந்த சோப்பு மாதிரி இறுகிவிடும். ட்ரனியனின் அடிப்பக்கம் மூடிய கிண்ணம் போன்றது. மழைத் தண்ணீரும் வாட்டர் சர்வீஸ் தண்ணீரும் அதற்குள் தேங்கும். எஃகு மரை துருப்பிடித்து, அரித்த குழிகள் விழும். ஒரு கட்டத்தில் சுழலவேண்டிய மரை சுழல மறுக்கும். ஸ்டியரிங்கைத் திருப்பும் விசை முழுவதும் லிங்க்கை முறுக்கத் தொடங்கும். மரை தொடங்கும் கழுத்தில் கீறல் விழுந்து, ஒரு நாள் அங்கேயே முறியும். பெரும்பாலும் வண்டியை நிறுத்தும்போதோ, முழுதாக ஒடித்துத் திருப்பும்போதோதான் இது நடக்கும். ஆனால் நெடுஞ்சாலையில் 60 கி.மீ. வேகத்தில் ஒரு பள்ளத்திலும் முறியலாம்.

அம்பாசடரின் முன்பக்கத்துக்கு கிரீஸ் அடித்துப் பழகிய மெக்கானிக் ஹெரால்டுக்கும் அதையே செய்வார். அவர் மேல் தப்பில்லை. நீங்கள்தான் சொல்ல வேண்டும். ஆயில் விடும் முறை இதுதான்: முன்பக்கத்தை ஜாக்கியில் தூக்கி, சேசிஸுக்கு அடியில் ஸ்டாண்டு கொடுத்துச் சக்கரங்களைத் தொங்க விடுங்கள். ட்ரனியனில் ஒரு சிறிய பிளக் இருக்கும். சுற்றியிருக்கும் மண்ணைத் துடைத்துவிட்டு அதைக் கழற்றி, அதே மரையில் ஒரு கிரீஸ் நிப்பிளை மாட்டுங்கள். ஒரு கிரீஸ் கன்னை இதற்கென்றே ஒதுக்கி வையுங்கள். கிரீஸைச் சுத்தமாகக் கழுவி எடுத்துவிட்டு, கியர் ஆயில் நிரப்புங்கள். கன்னின் ஓரங்களில் ஆயில் கசியும், கீழே ஒரு தட்டு வைத்துக்கொள்ளுங்கள். ஒருவர் மெதுவாக அடிக்க, இன்னொருவர் ஸ்டியரிங்கை ஒரு கோடியிலிருந்து மறு கோடிவரை திருப்பிக்கொண்டே இருக்க வேண்டும். மரையின் மேல்பக்க ரப்பர் சீலில் ஆயில் எட்டிப் பார்த்தால் வேலை முடிந்தது. நிப்பிளைக் கழற்றிப் பழைய பிளக்கையே திரும்ப மாட்டிவிடுங்கள். நிப்பிள் கண்ணில் பட்டால் அடுத்த சர்வீஸில் யாராவது கிரீஸ் அடித்துவிடுவார்கள். 3,000 கி.மீ. அல்லது 6 மாதம், எது முந்துகிறதோ அப்போது இதைச் செய்யுங்கள். மழைக்காலம் முடிந்ததும் ஒருமுறை கட்டாயம்.

உங்கள் வண்டியில் இவ்வளவு நாள் கிரீஸ் போயிருப்பதால், ஆயில் அடித்தாலும் மேலே வராது. இனி ஆயில் விட்டால் சரியாகிவிடும் என்று விட்டுவிடாதீர்கள். இருபக்கமும் பிரித்துப் பார்த்தே ஆக வேண்டும். ட்ரனியனை விஷ்போனோடு (சக்கரத்தைச் சேசிஸோடு இணைக்கும் கை) சேர்க்கும் போல்ட் உள்ளே இருக்கும் எஃகுக் குழாயோடு துருப்பிடித்து ஒட்டியிருக்கும். சுத்தியலால் அடித்து விஷ்போனை வளைப்பதைவிட ரம்பத்தால் இரண்டு பக்கமும் அறுத்து எடுப்பது மேல். போல்ட், எஃகுக் குழாய், நைலான் புஷ், ரப்பர் வளையம் நான்கையும் புதிதாகவே போடுங்கள். பிரேக் ஹோஸில் டிரம்மைத் தொங்கவிடாமல் கம்பியால் கட்டித் தூக்கி வையுங்கள். ஷாக் அப்சார்பரின் உச்சி நட்டைத் தொடாதீர்கள். சுருள் ஸ்பிரிங்கை அமுக்கிப் பிடித்திருப்பது அதுதான்.

லிங்க்கை மண்ணெண்ணெயில் கழுவி, மரையைப் பாருங்கள். குழிகள் கண்ணுக்குத் தெரிந்தால் தூக்கிப் போடுங்கள், லேத்தில் கொடுத்து மரையை மறுபடி வெட்டக் கூடாது. குழி இல்லாவிட்டாலும் கீறல் காட்டும் சிவப்பு மை அடித்துச் சோதியுங்கள். எஞ்சின் ரீபோரிங் செய்யும் பட்டறைகளில் அது இருக்கும். பூட்டும்போது ட்ரனியனை முழுக்கத் திருகி, பிறகு போல்ட் ஓட்டை நேர்ப்படும்வரை பின்னால் திருப்புங்கள். ஒரு சுற்றுக்கு மேல் போகக் கூடாது. முழுக்கத் திருகிய நிலையிலேயே பூட்டிவிட்டால், ஸ்டியரிங்கை ஒடிக்கும்போது மரை அடியில் முட்டிக்கொள்ளும். இடது ட்ரனியனும் வலது ட்ரனியனும் வேறு வேறு. மரையின் திசையே எதிரெதிர். கடையில் வாங்கும்போது இரண்டும் ஒரே பக்கத்துக்கானவையாக வந்துவிடாமல் பாருங்கள்.

ஒரு ஹெரால்டு விலைக்கு வருகிறது. இரண்டு கதவு வாங்குவதா, நான்கு கதவு வாங்குவதா? கெஸல் என்றும் ஒன்று சொல்கிறார்களே?
– வாசகர், தாம்பரம்

நான்கு கதவு ஹெரால்டு 60-களின் பிற்பகுதியில் சென்னையில் மட்டுமே செய்யப்பட்டது. இங்கிலாந்தில் அது கிடையாது. இதன் பின்கதவுக்கோ, கண்ணாடிக்கோ, பீடிங்குக்கோ வெளிநாட்டில் தேடிப் பயனில்லை. இரண்டு கதவு வண்டியின் எஞ்சின், முன் சஸ்பென்ஷன், ஸ்டியரிங் பாகங்களில் பெரும்பகுதி இங்கிலாந்தில் இன்றும் புதிதாகத் தயாராகின்றன. ட்ரயம்ப்பின் ஸ்பிட்ஃபயர், விட்டெஸ் கார்களோடு பொதுவான பாகங்கள் பல இருப்பதால் அந்த வசதி. நான்கு கதவு வாங்குகிறவர்கள் கதவும் கண்ணாடியும் முழுசாக இருக்கிற வண்டியாகப் பார்த்து வாங்க வேண்டும். எஞ்சின் ஓடாவிட்டாலும் பரவாயில்லை.

ஹெரால்டுக்குப் பிறகு ஸ்டாண்டர்டு மோட்டார் செய்த கெஸல் 1972 முதல் 1977 வரை வந்தது. எஞ்சின் அதே 948 சி.சி. ஹெரால்டின் தனித்தனியாக ஆடும் பின்சக்கர அமைப்பை எடுத்துவிட்டு, வழக்கமான ஒரே பின் ஆக்ஸில் போட்டார்கள். பின்பக்கக் கவலை அதில் குறைவு. உருவத்தில் எங்களுக்குப் பிடித்தது ஹெரால்டுதான்.

எதை வாங்கினாலும் குனிந்து சேசிஸைப் பாருங்கள். நடுவில் ஓடும் இரண்டு தண்டவாளங்கள் சாதாரணமாகத் தாங்கும். அவற்றிலிருந்து பக்கவாட்டில் கை நீட்டும் அவுட்ரிகர்களும், டிக்கிக்குக் கீழே இருப்பவையும்தான் முதலில் உளுத்துப்போகும். ஸ்க்ரூ டிரைவரால் குத்திப் பாருங்கள், சுத்தியலால் தட்டிக் கேளுங்கள். தார் பூசி மறைத்திருந்தால் விலையைக் குறைத்துக் கேளுங்கள். வெல்டிங் செய்வதானால் 1.6 மி.மீ. தகடு போதும். ஒரே சமயத்தில் இரண்டு பக்க அவுட்ரிகரையும் வெட்டக் கூடாது. ஒரு பக்கம் முடித்து, கதவு இடைவெளி மாறவில்லை என்று பார்த்த பிறகே அடுத்த பக்கம். பெட்ரோல் டேங்க் டிக்கிக்குள்ளேயே இருப்பதால், வெல்டிங்குக்கு முன் அதைக் கழற்றி வெளியே வைப்பது உயிருக்கு நல்லது.

சிக்னலில் கிளட்சை மிதித்தால் எஞ்சினின் முன்பக்கம் 'டக்' என்று ஒரு சத்தம். முன்னால் இருக்கும் புல்லியே நகர்வதுபோலத் தெரிகிறது.
– வாசகர், மதுரை

வண்டியை இன்றைக்கே நிறுத்துங்கள். கிராங்க் ஷாஃப்ட் முன்னும் பின்னும் நகராமல் பிடித்து வைப்பவை பின்பக்க மெயின் பேரிங்கின் இருபுறமும் உள்ள அரைவட்ட த்ரஸ்ட் வாஷர்கள். கிளட்சை மிதிக்கும்போது வரும் தள்ளு முழுவதையும் அவைதான் வாங்குகின்றன. தேய்ந்து மெலிந்தால் நழுவி, எஞ்சினின் அடியில் உள்ள ஆயில் தொட்டியான சம்ப்பில் விழுந்துவிடும். அதன்பிறகு கிராங்க் நேராக பிளாக்கையே அரைக்கும். பிளாக்கும் கிராங்க்கும் சேர்ந்து போகும்.

புல்லியில் டயல் கேஜ் வைத்து, கிளட்சை மிதித்து விட்டு அளந்தால் ஆட்டம் 0.10 முதல் 0.20 மி.மீ.க்குள் இருக்க வேண்டும். கண்ணுக்கே தெரிகிறதென்றால் அதைப்போலப் பல மடங்கு. வாஷர் இன்னும் விழாமல் இருந்தால் எஞ்சினை இறக்க வேண்டியதில்லை. ஆயில் வடித்து, சம்ப்பைக் கழற்றி, பின்பக்க மெயின் கேப்பை எடுத்தால் வாஷரைச் சுற்றி உருட்டி வெளியே எடுத்துவிடலாம். புதிதைப் போடும்போது பள்ளக்கோடு போட்ட பக்கம் கிராங்க்கைப் பார்த்து இருக்க வேண்டும். மாற்றிப் போட்டால் சில நூறு கிலோமீட்டரில் பழைய கதைதான். சாதாரண வாஷரில் ஆட்டம் அதிகமாக இருந்தால் 5 'தவ்' (ஒரு தவ் என்பது அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு) தடிமன் கூடுதலாக உள்ளது கிடைக்கும்.

இனிமேல் சிக்னலில் நியூட்ரலுக்கு வந்து கிளட்சிலிருந்து காலை எடுத்துவிடுங்கள். செல்ஃப் அடிக்கும்போதும் கிளட்சை மிதிக்காமல் நியூட்ரலில் அடியுங்கள். அந்த நேரத்தில் வாஷருக்கு ஆயில் எட்டியிருக்காது.

நான்கு பேரோடு ஊட்டி போக ஆசை. மேட்டுப்பாளையம் தாண்டியதும் வண்டி இழுக்காமல் நிற்கிறது. எஞ்சினில் கோளாறா, ஓட்டுவதில் கோளாறா?
– வாசகர், கோவை

கடிதத்தில் நீங்கள் எழுதியிருப்பதைப் பார்த்தால் மூன்றாவது கியரில் 30 கி.மீ.க்குக் கீழே வந்தபிறகும் ஆக்சிலரேட்டரை முழுக்க அமுக்கிப் பிடிக்கிறீர்கள். கணக்கைப் பாருங்கள். இந்த வண்டியின் டிஃபரன்ஷியல் விகிதம் 4.875. டாப் கியரில் எஞ்சின் 1,000 சுற்று சுற்றினால் வண்டி போவது சுமார் 21 கி.மீ. வேகம். மூன்றாவதில் அதுவே 14, இரண்டாவதில் 8 அல்லது 9 கி.மீ. 35 குதிரைசக்தி என்பது 4,500 சுற்றில் கிடைப்பது. மூன்றாவதில் 28 கி.மீ. என்றால் எஞ்சின் 2,000 சுற்றில் திணறுகிறது, பாதி சக்திகூடக் கையில் இல்லை. இரண்டாவதுக்கு இறங்கி 25 கி.மீ.யில் வைத்தால் சுமார் 3,000 சுற்று. எஞ்சின் கத்துகிறதே என்று பயப்படாதீர்கள். குறைந்த சுற்றில் அமுக்கி ஓட்டுவதுதான் பேரிங்கையும் பிஸ்டனையும் தின்னும். அப்போது வாட்டர் பம்பும் ஃபேனும் மெதுவாகச் சுற்றுவதால் சூடும் ஏறும்.

வெறும் வண்டி 800 கிலோ. நான்கு பேரும் பெட்டியும் ஏறினால் 1,100-ஐத் தொடும். ஊட்டி 2,240 மீட்டர் உயரம். அங்கே காற்றின் அடர்த்தி குறைவதால் எஞ்சின் சக்தியில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு போய்விடும். குன்னூருக்கு மேலே புகை கறுத்தால் பழுதில்லை, காற்று குறைந்து பெட்ரோல் விகிதம் கூடியிருக்கிறது.

ஹேர்பின் வளைவுக்கு முன்பே இரண்டாவதுக்கு வந்துவிடுங்கள். முதல் கியருக்கு, பற்களின் வேகத்தைச் சமன்செய்து கியரை உரசாமல் விழவைக்கும் சின்க்ரோ கிடையாது. ஓடும்போது முதலுக்கு இறங்க வேண்டி வந்தால் இரண்டு முறை கிளட்ச் மிதிக்க வேண்டும்: மிதித்து நியூட்ரல், விட்டு லேசாக ஆக்சிலரேட்டர், மறுபடி மிதித்து முதல் கியர். சமதரையில் ஒரு மாலை பழகிக்கொண்டு மலைக்குப் போங்கள்.

இறக்கம்தான் பெரிய விஷயம். நான்கும் டிரம் பிரேக், ஒரே குழாய்ச் சுற்று. எங்காவது ஒரு சிலிண்டர் கசிந்தால் நான்கு சக்கரத்துக்கும் பிரேக் போய்விடும். ஏறிய அதே கியரில் இறங்குங்கள். புறப்படும் முன் முன்சக்கர டிரம்களில் அட்ஜஸ்டரைத் திருப்பிச் சக்கரம் இறுகும்வரை கொண்டுபோய், சுதந்திரமாகச் சுற்றும்வரை பின்வாங்குங்கள். முன்சக்கரம் ஒவ்வொன்றிலும் இரண்டு அட்ஜஸ்டர் உண்டு. ஒன்றை மட்டும் திருப்பிவிட்டுப் போவதால்தான் பல ஹெரால்டுகள் பிரேக் பிடித்தால் ஒரு பக்கம் இழுக்கின்றன. பிரேக் ஆயிலை இரண்டு வருடத்துக்கு ஒருமுறை முழுக்க மாற்றுங்கள். பழைய ஆயில் தண்ணீரை இழுத்து வைத்திருக்கும். டிரம் சூடேறினால் அந்தத் தண்ணீர் ஆவியாகி, மிதி தரையைத் தொட்டுவிடும்.

பின் டயர்களின் உள்பக்கம் மட்டும் தேய்கிறது. ஸ்பிரிங் பட்டையை வளைத்து உயர்த்தலாமா?
– வாசகர், சேலம்

கொஞ்சம் உயர்த்தலாம். அதிகம் உயர்த்தினால் ஆபத்து.

பின்னால் குறுக்காக ஒரே ஒரு பட்டை ஸ்பிரிங், டிஃபரன்ஷியலின் தலைமேல் உட்கார்ந்திருக்கிறது. சக்கரம் ஒவ்வொன்றும் டிஃபரன்ஷியலை ஒட்டிய ஜாயின்டை மையமாக வைத்து, ஊஞ்சல் மாதிரி ஆடும். ஸ்பிரிங் தளர்ந்தால் இரண்டு சக்கரமும் மேல்பக்கம் உள்ளே சாயும், டயரின் உள்பக்கம் தேயும். அதற்காகப் பட்டறையில் நன்றாக வளைத்து உயர்த்திவிட்டால் சக்கரத்தின் மேல்பக்கம் வெளியே சாயும். அந்த நிலையில் வளைவில் வேகமாகப் போய் பயந்து சட்டென்று ஆக்சிலரேட்டரை விட்டாலோ பிரேக் பிடித்தாலோ பின்பக்கம் மேலே எழும்பும், வெளிப்புறச் சக்கரம் அடியில் மடங்கும், வண்டி சுழன்றுவிடும். இந்த வண்டியைப் பற்றிக் கெட்ட பேர் வந்ததே இதனால்தான்.

முன்சீட்டில் இருவர் உட்கார்ந்திருக்கும்போது, பின்னால் நின்று பார்த்தால் சக்கரம் நேராகவோ, மேல்பக்கம் ஓரிரு டிகிரி உள்ளே சாய்ந்தோ இருக்க வேண்டும். அதற்கு மேல் உயர்த்தாதீர்கள். டயரின் உள்தேய்மானத்துக்காகக் கவலைப்பட்டு, உயிருக்கான தேய்மானத்தை வாங்க வேண்டாம். வளைவுக்கு முன்பே வேகத்தைக் குறைத்துவிட்டு, வளைவுக்குள் லேசாக ஆக்சிலரேட்டர் கொடுத்தபடியே போங்கள். ரேடியல் டயருக்கு முன்னால் 22, பின்னால் 26 பவுண்டு காற்று வைக்கலாம். பங்க்கில் 'நாலுக்கும் 30' என்று அடிக்க விடாதீர்கள். முன்னுக்கும் பின்னுக்கும் உள்ள அந்த 4 பவுண்டு வித்தியாசமே வண்டியை நேராக வைத்திருக்கிறது. பழைய 5.20-13 டயருக்குப் பதில், பழைய வேகன் ஆர் வகைக் கார்களுக்கு வந்த 145/80 ஆர்13 சரியாகப் பொருந்தும். அந்த ஒடுக்கமான ரிம்முக்கு 155-தான் எல்லை.

மாருதி எஞ்சின் ஒன்று மலிவாகக் கிடைக்கிறது. மாற்றினால் வேகம் கூடுமா? ஆர்.சி.யில் சிக்கல் வருமா?
– வாசகர், புதுச்சேரி

வேகம் கூடாது. 800-இலும் ஆம்னியிலும் வந்த 796 சி.சி. மூன்று சிலிண்டர் எஞ்சினின் சக்தியும் முப்பத்தைந்து முதல் நாற்பது குதிரைக்குள்தான். இழுவிசை ஹெரால்டு எஞ்சினைவிடக் குறைவு: அது 59 நியூட்டன் மீட்டர், ஹெரால்டு சுமார் 66. அதோடு எஞ்சின் மவுண்டிங், கியர்பாக்ஸ் தாங்கி, புரொபெல்லர் ஷாஃப்ட் நீளம், ஸ்பீடோ மீட்டர் கேபிள் எல்லாவற்றையும் வெட்டி ஒட்ட வேண்டும். இவ்வளவும் செய்து, முன்னைவிட மெதுவாக மேடு ஏறும் வண்டியை ஏன் செய்ய வேண்டும்?

சட்டமும் பார்க்க வேண்டும். எஞ்சின் மாற்றினால் ஆர்.டி.ஓ. அனுமதி பெற்று ஆர்.சி.யில் பதிய வேண்டும். பதியாவிட்டால் விபத்தின்போது இன்ஷூரன்ஸ் கை விரிக்கும். இன்னொன்று: 2021 ஜூலையில் மத்திய மோட்டார் வாகன விதிகளில் கொண்டுவந்த திருத்தத்தின்படி, முதல் பதிவிலிருந்து 50 வருடம் தாண்டிய, அசல் நிலை மாறாத வண்டிகளை விண்டேஜ் என்று பதியலாம். பதிவுக் கட்டணம் 20,000 ரூபாய், 10 வருடம் செல்லும். மறுபதிவுக்கு 5,000. எண்ணில் 'வி.ஏ.' என்ற எழுத்து வரும். ஹெரால்டுகள் எல்லாமே இப்போது அந்த வயதைக் கடந்தவை. சேசிஸையோ பாடியையோ எஞ்சினையோ மாற்றினால் அந்தத் தகுதி போய்விடும். ஆனால் அப்படிப் பதிந்த வண்டியை அன்றாட ஓட்டத்துக்குப் பயன்படுத்த முடியாது. கண்காட்சி, விண்டேஜ் ராலி, பெட்ரோல் போட, பழுதுபார்க்கப் போவது என்ற அளவில்தான் அனுமதி. தினமும் ஆபீஸுக்கு ஓட்டுகிறவர்கள் சாதாரண ஆர்.சி.யையே 5 வருடத்துக்கு ஒருமுறை புதுப்பித்துக்கொண்டு போவது நல்லது.

உண்மையாகவே சக்தி வேண்டுமென்றால் தொலைந்துபோனதைத் திரும்பப் பெறுங்கள். நான்கு சிலிண்டரிலும் கம்ப்ரஷன் பாருங்கள். ஒன்றுக்கொன்று 10 சதவீதத்துக்கு மேல் வித்தியாசம் இருந்தால் வால்வு வேலை இருக்கிறது. ஆக்சிலரேட்டரை முழுக்க மிதித்தால் கார்புரேட்டர் பட்டர்ஃபிளை முழுக்கத் திறக்கிறதா என்று ஓர் ஆளை உட்கார வைத்துப் பாருங்கள். பாதிதான் திறக்கும் வண்டிகள் நிறைய. டிஸ்ட்ரிபியூட்டர் அட்வான்ஸ் எடைகள் துருவில் ஒட்டியிருக்கும், கழுவி எண்ணெய் விடுங்கள். பிரேக் ஷூ உரசாமல் வண்டி ஒரு கையால் தள்ளினால் நகர வேண்டும். இவை முடிந்த பிறகும் ஆசை தீரவில்லை என்றால் இரட்டை எஸ்.யூ. கார்புரேட்டர் போடலாம். இங்கிலாந்தில் ஹெரால்டு கூப்பே அதே 948 எஞ்சினோடு அப்படித்தான் வந்தது, சக்தி 45-ஐ ஒட்டி ஏறியது. எஸ்.யூ.வை அம்பாசடரில் பழகிய மெக்கானிக்குகள் தமிழ்நாடெங்கும் உண்டு. ஆனால் அதற்கு முன் பிரேக்கைச் சரிசெய்யுங்கள்.

இப்போது பங்க்குகளில் வரும் 20 சதவீத எத்தனால் பெட்ரோல் ஹெரால்டுக்கு ஆகுமா?
– வாசகர், வேலூர்

ஓடும், சில பாகங்களை மாற்றிக்கொண்டால். எத்தனால் பழைய ரப்பரை ஊதவைக்கும், கார்க் கேஸ்கெட்டைக் கரைக்கும். டேங்க்கிலிருந்து கார்புரேட்டர் வரை எல்லா ஹோஸையும் எத்தனால் தாங்கும் வகைக்கு மாற்றுங்கள். பெட்ரோல் பம்ப் டயாஃப்ரத்தையும் அப்படியே. பம்ப் டயாஃப்ரம் கிழிந்தால் பெட்ரோல் நேராக ஆயில் சம்ப்புக்குள் இறங்கும். டிப் ஸ்டிக்கில் அளவு கூடி, பெட்ரோல் வாடை அடித்தால் வண்டியைத் தொடாதீர்கள்.

எத்தனாலுக்குக் காற்று குறைவாகப் போதும். அதனால் பழைய ஜெட்டோடு ஓடினால் கலவை வறண்டு, சூடு ஏறும், ஆக்சிலரேட்டர் கொடுத்ததும் தயங்கும். மெயின் ஜெட்டை ஓர் அளவு கூட்டிப் போடுங்கள், எண் 100 என்றால் 102.5 அல்லது 105. பிளக் முனை வெள்ளையாக இருந்தால் இன்னும் போதவில்லை. பழுப்பு நிறம் சரி. எத்தனால் தண்ணீரை இழுக்கும். மாதக்கணக்கில் நிறுத்துகிறவர்கள் டேங்க்கைக் காலியாக விடாமல் நிரப்பி வைக்க வேண்டும், காலி இடத்தில்தான் ஈரம் சேரும்.

இதோடு சேர்த்து ஒன்று. ஈயம் கலந்த பெட்ரோல் நம் நாட்டில் 2000-த்தோடு நின்றுவிட்டது. ஹெரால்டின் எக்ஸாஸ்ட் வால்வு சீட் சாதாரண வார்ப்பிரும்பு. ஈயம் இல்லாமல் தொடர்ந்து அதிவேகத்தில் ஓட்டினால் சீட் உள்ளே அமுங்கும், டப்பெட் இடைவெளி (வால்வுக்கும் அதை அமுக்கும் ராக்கருக்கும் நடுவே உள்ளது) தானாகக் குறைந்துகொண்டே வரும். 1,000 கி.மீ.க்குள் இடைவெளி குறைகிறதென்றால் அடுத்த முறை ஹெட் இறக்கும்போது கடின சீட் பதித்துவிடுங்கள்.

சூட்டுக்காக எலக்ட்ரிக் ஃபேன் போட்டேன். இப்போது பேட்டரி இறங்குகிறது.
– வாசகர், திருநெல்வேலி

இறங்கத்தான் செய்யும். ஹெரால்டின் டைனமோ உச்சத்தில் தருவதே 22 ஆம்பியர், ஐட்லிங்கில் ஏறக்குறைய ஒன்றுமில்லை. ஹெட்லைட்டுக்கு 7 முதல் 8, காயிலுக்கு 3 முதல் 4, உங்கள் ஃபேனுக்கு 7 முதல் 10, மழை வந்தால் வைப்பருக்கு 2 முதல் 3. கூட்டிப் பாருங்கள்.

சூட்டின் காரணம் பெரும்பாலும் எஞ்சின் பிளாக்கின் பின்கோடியில் படிந்த சேறு. பிளாக்கின் வடிகால் குழாயைக் கழற்றினால் தண்ணீர் வராது, அவ்வளவு அடைத்திருக்கும். கம்பியால் குத்தி, தண்ணீர் தெளிவாக வரும்வரை ஹோஸ் பிடியுங்கள். ரேடியேட்டரை ரீகோர் செய்து, கூலன்ட் ஊற்றினால் (5 லிட்டருக்குள் அடங்கும்) பழைய ஃபேனே சென்னை வெயிலுக்குப் போதும்.

எலக்ட்ரிக் ஃபேன் இருந்தே ஆக வேண்டுமானால் ஆல்டர்னேட்டருக்கு மாறுங்கள். ஆம்னி அளவு ஆல்டர்னேட்டர் இடத்துக்குள் அடங்கும், பிராக்கெட்டை லேத்தில் செய்யலாம். அதற்கு முன் பேட்டரியின் எந்த முனை பாடியோடு சேர்ந்திருக்கிறது என்று பாருங்கள். பழைய வண்டிகளில் பிளஸ் முனைதான் எர்த். அப்படியே ஆல்டர்னேட்டரை மாட்டினால் டயோடுகள் அந்த நொடியே எரியும். பேட்டரியைத் திருப்பி மைனஸை எர்த் ஆக்குங்கள், காயிலின் இரண்டு வயர்களையும் இடம் மாற்றுங்கள், ரேடியோ இருந்தால் கழற்றிவிடுங்கள். டைனமோவின் சார்ஜைக் கட்டுப்படுத்திய பழைய கட்-அவுட் பெட்டிக்கு இனி வேலையில்லை. ஆல்டர்னேட்டரிலிருந்து பேட்டரிக்கு 6 சதுர மி.மீ. வயர் தனியாக இழுங்கள், பழைய வயரிங் அந்த மின்சாரத்தைத் தாங்காது.

பானெட் கடகடக்கிறது. மழையில் காலடியில் தண்ணீர்.
– வாசகர், நாகர்கோவில்

பானெட்டின் இருபக்கக் கொக்கிகள் தளர்ந்திருக்கும், அவற்றின் இழுப்பை நட்டில் கூட்டலாம். பானெட் உட்காரும் இடத்து ரப்பர் கூம்புகளையும் மாற்றுங்கள். இடைவெளி சரியில்லை என்றால் முன்னால் உள்ள கீல்களைத் தளர்த்தி நகர்த்தலாம். தண்ணீர் வருவது பாடியின் முன்பாதியும் பின்பாதியும் போல்ட் போட்டுச் சேரும் இணைப்பில். பழைய சீலைச் சுரண்டி எடுத்துவிட்டு, இறுகாத வகை மாஸ்டிக் பூசி மறுபடி முடுக்குங்கள். சிலிகான் அடித்தால் அடுத்தமுறை பிரிக்கவே முடியாது.

டியூனிங் அளவுகள் ஒரே இடத்தில் தர முடியுமா?
– வாசகர், கரூர்

டப்பெட், எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது, இரண்டு வால்வுக்கும் 10 தவ், அதாவது 0.25 மி.மீ. டிஸ்ட்ரிபியூட்டர் பாயின்ட் இடைவெளி 15 தவ் (0.38 மி.மீ.), பிளக் 25 தவ் (0.64 மி.மீ.). ஃபயரிங் வரிசை 1-3-4-2. டப்பெட் வைக்க ஒரு சுலபக் கணக்கு: முன்னாலிருந்து வால்வுகளை 1 முதல் 8 வரை எண்ணுங்கள். எந்த வால்வு முழுக்க அமுங்கியிருக்கிறதோ அந்த எண்ணை 9-லிருந்து கழியுங்கள். வருகிற எண்ணின் வால்வை இப்போது வையுங்கள். 8 அமுங்கியிருந்தால் 1, 6 அமுங்கியிருந்தால் 3. எஞ்சின் ஆயில் 20டபிள்யூ-50, சுமார் 4 லிட்டர். கியர்பாக்ஸுக்கு ஜி.எல்.4 தரத்தில் 90. பின்சக்கர ஹப்புக்கு கிரீஸ்தான், ஆனால் கன்னால் நாலைந்து அடிக்கு மேல் வேண்டாம். கூடினால் அது சீலைத் தாண்டிப் பிரேக் ஷூவில் போய் நிற்கும்.